பார்க்காத கணினிக்கு முன்பணம்



மரக்காணம் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் உப்பளத்தில் பாத்திகளெல்லாம் முழுகிவிடும், வேலை கிடையாது. தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்கள் வந்து குவிவதும் அதே நாட்களில்தான். 'புதிய லேப்டாப், இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. கல்லூரிக்குப் போகும் மகள் ஆசையாகக் கேட்கிறாள். உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிடலாமா என்று தோன்றும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்கான மலிவு விலை 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். தயாரித்தது டேட்டாவிண்ட் நிறுவனம். சில மாதங்களில் பொதுமக்களுக்கும் 2,500, 2,999 ரூபாய் என்று இணையத்தில் பதிவு தொடங்கியது; ஏராளமானோர் பதிந்தார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம் என்ற கணக்கெல்லாம் முன்பே சொல்லப்பட்டதுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பாடம் படிக்க முடியுமா என்பது கருவி கைக்கு வந்த பிறகே தெரிந்தது. திரையை லேசாகத் தொட்டால் போதவில்லை, விரலால் அழுத்த வேண்டியிருந்தது. பேட்டரி சில மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. மாணவர்களுக்கென்றே அரசு தொடங்கிய திட்டம் என்பதால் இதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

உப்பு வாங்க வருகிற வியாபாரி ஒரு பிடி அள்ளி, நிறமும் மணியும் பார்த்துத்தான் விலை பேசுகிறார். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுக்கிற நமக்கு அந்த உரிமை வேண்டாமா?

வெளியீட்டு நாளன்றே வரும் விமர்சனங்களில் பல, நிறுவனம் இரவல் கொடுத்த கருவியை வைத்துச் செய்தவை. சொந்தக் காசில் வாங்கி ஒரு மாதமாவது புழங்கியவர் சொல்வதைக் கேளுங்கள். அவரும் குளிரூட்டிய அறையில் இருப்பவராக இருக்கலாம். நம் கடற்கரையில் உப்புக்காற்று சார்ஜ் ஏற்றும் துளை வரைக்கும் போய் அரிக்கும். அது உத்தரவாதத்தில் அடங்குமா, பழுது பார்க்கும் மையம் திண்டிவனத்திலா, புதுச்சேரியிலா, சென்னையிலா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, பொருளும் வராமல் பணமும் திரும்பாமல் தவிக்கிறீர்களா? ரசீதையும் வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மரக்காணத்துக்காரர்கள் அதற்காக டெல்லிக்கோ மும்பைக்கோ போகவேண்டியதில்லை, விழுப்புரமே போதும்.