மந்தை சென்ற மலை



அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை வைப்பதை உங்களுள் பலர் கண்டிருக்கலாம். மந்தை தங்கிய நிலம் எருவைப் பெற்று, அடுத்த போகத்தில் செழிக்கிறது. சமவெளியில் உழவருக்குத் துணைபுரியும் அம்மந்தை, மலைமீது ஏறினால் என்ன செய்கிறது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இமயமலையில், உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், மலர்ப் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. 1931ஆம் ஆண்டில் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர், அங்குள்ள மலர்களைக் கண்டு வியந்து, 1938இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இடையர்களோ நெடுங்காலமாகக் கோடைதோறும் அங்கு ஆடு மேய்த்து வந்தவர்கள். 1982இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று; பின்னர் மேய்ச்சலும் தடுக்கப்பட்டது. தடை ஒன்றே மலையைக் காக்கும் மருந்து என்ற எண்ணத்தோடு, ஓர் ஆவணி மாதத்தில் நான் அங்குச் சென்றேன்.

மந்தை மலையை மூன்று வகையில் மாற்றுகிறது. முதலாவது, வாய். புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி இருப்பதால், கடிபட்டாலும் அது மீண்டும் தழைக்கும். நுனியில் வளரும் பூஞ்செடிகளுக்கு அந்த வலிமை குறைவு. வசநாபி போன்ற நச்சுச் செடிகளை ஆடு தொடுவதில்லை. ஆகவே அவை பெருகுகின்றன. இரண்டாவது, குளம்பு. ஓயாது மிதிபட்ட மண் இறுகி, அதன் நுண்துளைகள் அடைபடுகின்றன. உள்ளே இறங்க வேண்டிய மழைநீர் சரிவில் ஓடி, மெல்லிய மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. மூன்றாவது, எரு. பகலெல்லாம் சரிவில் மேய்ந்த சத்தை, மந்தை இரவில் பட்டி போட்ட இடத்தில் கொட்டிவிடுகிறது. சரிவு மெலிகிறது, பட்டி கொழுக்கிறது.

பள்ளத்தாக்கில் ஆள் உயரத்துக்குப் பாலிகோனம் என்னும் செடி அடர்ந்திருந்தது. அதன் நிழலில் சிறுமலர்கள் தலைகாட்ட முடியவில்லை. வழிகாட்ட வந்த முதியவர் ஒரு புதரைச் சுட்டி, “ஐயா, எங்கள் தந்தையார் பட்டி போட்ட இடம் இது” என்றார். நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

அறிஞர்கள் இதில் இருவேறு கருத்தினர். ஆடுகள் மிதித்தும் கடித்தும் அச்செடியை அடக்கி வைத்திருந்தன. அவை போனதும் அது பரவியது என்பர் ஒரு சாரார். பழைய பட்டிகளின் கொழுத்த மண்ணிலும், சரிந்து குலைந்த நிலத்திலுமே அது முதலில் காலூன்றியது என்பர் மற்றொரு சாரார். வனத்துறையினர் அதைக் களைந்து வருகின்றனர்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. மந்தை போன பின்னும் அதன் சுவடு மண்ணில் நெடுநாள் நிற்கிறது. ஆகவே, மேய்க்கலாமா, கூடாதா என்று மட்டும் கேட்பது போதாது. எத்தனை ஆடுகள், எத்தனை நாட்கள், இரவில் எங்கே தங்கின என்றும் கேட்க வேண்டும். இடையரின் பிழைப்பும் மலையின் பிழைப்பும் இவ்வினாக்களின் விடையில் அடங்கியுள்ளன.

உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில், ஊராரின் இசைவோடு, ஒரு சிறு சதுரத்தை முள்வேலியிட்டு அடையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து, உள்ளே முளைத்ததையும் வெளியே முளைத்ததையும் எண்ணிப் பாருங்கள். நான் மலையேறிக் கற்ற பாடத்தை அந்தச் சிறு சதுரமே உங்களுக்குக் கற்றுத் தரும்.