செக்ரோலும் வழக்கறிஞர் இரகசியமும்: மாநாட்டுத் தலைமை உரை

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற காப்பு, மலேசியாவில் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் உள்ளது. அதன் மூலம் 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம். நாடு கடந்த நிறுவன வரி வழக்குகளில் அக்காப்பு எதுவரை செல்லும் என்பதே இம்மாநாட்டின் பொருள். கணக்காய்வாளர் தரும் வரி ஆலோசனைக்கு அதை நீட்ட, 2013இல் புரூடென்ஷியல் வழக்கில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் மறுத்தது. கசிந்து வரித்துறையின் கைக்கு வந்துவிட்ட ஆவணங்களை அக்காப்பைக் காட்டி மீட்க முடியாது என 2019இல் கிளென்கோர் வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை அவையோர் அறிந்தவை.

போதிய கவனம் பெறாதது 1910ஆம் ஆண்டின் வல்லம்புரோசா ரப்பர் நிறுவன வழக்கு. தோட்டம் சிலாங்கூரில், வழக்கு ஸ்காட்லாந்தில். ரப்பர் மரம் பால் தர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அப்போது ஏழில் ஒரு பங்கு நிலமே பால் தந்தது. மீதி நிலத்தின் களையெடுப்பு, மேற்பார்வைச் செலவுகளைக் கழிக்க முடியாது என்றது வரித்துறை. ஆண்டுதோறும் வரும் செலவு, ஆகவே கழிக்கலாம் என்றார் டுனிடின் பிரபு.

மூலதனச் செலவுக்கும் நடப்புச் செலவுக்கும் எல்லை வகுத்த வழக்கு என்றே பாடநூல்கள் இதைச் சொல்லி வருகின்றன. அது சரி, ஆனால் போதாது. எந்த நிலத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு செலவு என்ற விவரம் இல்லாமல் அந்த வழக்கே இல்லை. அவ்விவரம் தோட்டத்தில் பிறப்பது. நெகிரி செம்பிலானின் லிங்கி, லாபு போன்ற வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். பால்வெட்டுக்கு யார், களையெடுப்புக்கு யார் என்று செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதிவார். சம்பளமும் கம்பெனிக் கணக்கும் அதிலிருந்தே எழுந்தன. அங்கே வழக்கறிஞருக்கு வேலையே இல்லை.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 142(5) பிரிவு, முதலில் சாட்சியச் சட்டக் காப்பை ஏற்கிறது. அடுத்த பத்தியிலேயே, வரவுசெலவு தொடர்பானவை வழக்கறிஞரின் ஏடுகளில் இருந்தால் காப்பில்லை என்கிறது. அந்தப் பட்டியலில் ஆலோசனையும் அடங்கும். வரித்துறைக்கு இது வேண்டும் என்போர் சட்டச் சொற்களைச் சரியாகவே படிக்கின்றனர். ஆயினும் அச்சொற்கள் அளவு மீறியவை. காப்பு முழுவதும் வேண்டும் என்போரும் அளவு மீறுகின்றனர். செம்பனை எண்ணெயை அயல்நாட்டுத் துணை நிறுவனத்துக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்பது நடந்த செய்தி. வழக்கறிஞரின் கோப்பில் வைத்ததால் அது இரகசியமாகிவிடாது. அந்த விலை சட்டப்படி நிற்குமா என்று கேட்டதும், அதற்குப் பெற்ற பதிலும் இரகசியம்.

தோட்டம் கைமாறும்போது தொழிலாளியின் சேவைக்காலத்துக்குச் சான்றாவதும் அதே செக்ரோல்தான். அதை மறைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை தரலாகாது. 142(5)இலிருந்து ஆலோசனையை நீக்க வேண்டும். கணக்கேடுகளை அதிலேயே விட்டுவைக்க வேண்டும். இம்மாநாடு அந்தத் திருத்தத்தைக் கோரித் தீர்மானம் இயற்றுவது முறை.