தொழில் யுக்தியை மறைப்பதேன்?

தோழர்களே! இந்தப் பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் கோர்வை வாங்க ஓர் எளிய வழி கண்டால், அடுத்த தறிக்காரருக்குச் சொல்லாமல் மறைப்பதையே கெட்டிக்காரத்தனமென்கிறோம். வேதத்தை மறைத்த புரோகிதனைக் கண்டிக்கும் நாம் தொழிலை மறைப்பது எந்த நியாயம்?

நம் தறிமேல் நிற்கும் ஜக்கார்டு பெட்டி எந்தக் கடவுள் தந்தது? 1745-ல் வோகான்சன் செய்த தறியைப் பாரிஸில் பார்த்துத்தான், லியோன் நகர நெசவாளி மகன் ஜக்கார்டு 1804-ல் தம் பொறியைச் செய்து முடித்தார். பிரெஞ்சு சர்க்கார் அதைப் பொதுச்சொத்தாக்கி, அவருக்கு உபகாரச் சம்பளமும் அளித்தது.

யுக்தி கண்டவன் பட்டினி கிடக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கம் அவனுக்குப் பரிசளிக்கட்டும். யுக்தி எல்லாத் தறிக்கும் போகட்டும். மறைத்த யுக்தி, மறைத்தவனோடு சுடுகாட்டுக்குத்தான் போகும். ஆகவே தோழர்களே, தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைக் கூசாமல் கேளுங்கள்!