டிஜிட்டல் போட்டோ பிரேம்: சட்டத்துக்குள் என்ன இருக்கிறது?
(எருத்தேன்பதியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் வீடுகள் பலவற்றில் இன்று பெரியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், அமெரிக்காவில். லீவில் வரும்போது ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம் வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மாதம் ஓடும். பிறகு துணி போர்த்திக் கிடக்கும். அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று யாரும் பொறுமையாகச் சொல்லித் தராததே காரணம்.

முதலில் உறுப்புகள். முன்னால் இருப்பது எல்.சி.டி. திரை. அது தானாக ஒளிராது, பின்னாலுள்ள எல்.இ.டி. விளக்குதான் வெளிச்சம் தருகிறது. அதற்கும் பின்னால் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு, படங்களைச் சேமிக்கும் மெமரி. ஓரத்தில் மெமரி கார்டு செருகும் இடமும், பல மாடல்களில் யு.எஸ்.பி. துவாரமும் உண்டு. பெரும்பாலானவற்றில் பாட்டரி கிடையாது. கரண்ட் போனால் படமும் போகும். ஆனால் மெமரியிலுள்ள படங்கள் அழிந்துவிடாது, பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். பத்து அங்குலத் திரைக்கு 1280-க்கு 800 புள்ளிகள் இருந்தால் முகம் தெளிவாகத் தெரியும். திரையின் வடிவத்தையும் பாருங்கள். அகலமான 16:9 திரையில் பழைய ஸ்டூடியோ படத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், அல்லது தாத்தாவின் தலைப்பாகை வெட்டுப்படும்.

இனி, "கார்டு போட்டேன், படம் வரவில்லை" என்ற புகார். பல பிரேம்களுக்கு ஜேபெக் என்ற வகைப் படம்தான் புரியும். 2017 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வேறு வகையிலும் படத்தைச் சேமிக்கின்றன. பிள்ளையிடம் ஜேபெக்காக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். கார்டும் 32 ஜி.பி.க்கு மேற்படாமல், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருப்பது உத்தமம்.

வைஃபை பிரேமில் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பேரனின் படம் உடனே இங்கே தோன்றும். சௌகரியம்தான். ஆனால் பல பிரேம்களில் அந்தப் படம் கம்பெனியின் சர்வர் வழியாகவே வருகிறது. கம்பெனி அந்தச் சேவையை நிறுத்தினால் புதிய படம் வராது. ஆகவே கார்டு வசதியும் உள்ளதையே வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: 2008-இல் அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் விற்ற இன்சிக்னியா பிரேம் ஒன்றில், தயாரிப்பின்போதே வைரஸ் புகுந்திருந்தது தெரியவந்து விற்பனையை நிறுத்தினார்கள். பிரேமை நேராகக் கம்ப்யூட்டரில் இணைக்காமல், கார்டை மட்டும் எடுத்துப் படம் ஏற்றுவது நல்லது.

கடைசியாக, முக்கியமான விஷயம். சுவரில் மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பூச்சி அரிக்கிறது. அவற்றை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஆறுக்கு நாலு அங்குலப் படம் 1800-க்கு 1200 புள்ளியாக வரும், பிரேமுக்கு அது தாராளம். அசலைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்; பிரேம் பழுதானால் அதுவே கைகொடுக்கும்.

ஆனால் முகத்தைக் காப்பாற்றினால் போதுமா? கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல, குடும்பத்தில் ஒரே ஒரு பாட்டிதான் மிச்சம் இருப்பார். அவரிடம் இன்றே கேளுங்கள். பெயர், உறவு, ஊர், வருஷம் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபைலின் பெயரைத் தமிழில் வைத்தால் பல பிரேம்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் படத்தின் அடியிலேயே தமிழில் எழுத்தைப் பதித்துவிடுங்கள். பத்து வயதுப் பேத்திக்கும் அது ஐந்து நிமிஷ வேலை.

பிரேம் கெட்டால் வேறு வாங்கலாம். பெயர் சொல்லும் மனிதர் போய்விட்டால், அந்த முகம் நமக்கு அந்நியமாகிவிடும். பாட்டியையும் பேத்தியையும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார வையுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.