மூச்சை இழுக்கும் தசை

உங்கள் உடலில் இந்த விநாடியிலும் ஓயாது உழைக்கும் ஒரு தசையைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அதன் பெயர் உதரவிதானம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடு அது என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மாணவர்களும் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அத்துடன் என் கடமை தீர்ந்தது என்றிருந்தேன். அதன் அருமையை நான் உணர்ந்தது, ஓய்வு பெற்ற பின்னர், என் தமக்கையாரின் நோயினால்தான்.

அவர் புகையிலையைத் தொட்டும் அறியாதவர். ஆனால், நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின்முன் அமர்ந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி எங்களுக்குச் சோறு சமைத்தவர். அந்தப் புகையே அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாய் விளைந்தது. பத்தடி நடந்தாலே மூச்சு இரைக்கும். “வயதாகிவிட்டதல்லவா, அக்கா!” என்று சொல்லிவிட்டு இருந்தேன். அது நான் செய்த பிழை.

நலமான உடலில் உதரவிதானம் கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது அது சுருங்கிக் கீழே இறங்கும்; மார்பறை விரியும்; காற்று உள்ளே புகும். அடைப்பு நோயிலோ, சுவாசக் குழல்கள் குறுகிவிடுவதால் காற்று முழுதும் வெளியேற மாட்டாமல் தேங்கி, நுரையீரல் உப்புகிறது. உப்பிய நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்குகிறது. முன்னரே இறங்கிவிட்ட தசை மேலும் எவ்வளவு இறங்க இயலும்?

இதனைக் கண்ணால் காண உதவுவது மீயொலி. விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. பல லட்சம் அதிர்வுகள் கொண்ட அத்தகைய ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைக் கருவி படமாக்குகிறது. காற்று நிறைந்த நுரையீரலை இவ்வொலி எளிதில் ஊடுருவாது. ஆதலால் மருத்துவர், வலப்புற விலாவுக்குக் கீழே கருவியை வைத்து, கல்லீரலையே சாளரமாகக் கொண்டு நோக்குகிறார். எக்ஸ்ரே படம் ஒரு கணத்தின் நிழல். இதிலோ தசை அசைவதையே பார்க்கலாம். கதிர்வீச்சும் இல்லை.

அமைதியாக மூச்சு விடும்போது உதரவிதானம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அசையும்; ஆழ்ந்து இழுத்தால் 6, 7 சென்டிமீட்டர் வரை இறங்கும். தமக்கையார் முயன்று இழுத்தும் அது 3 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. பின்னர் விலாப்பக்கத்தில் தசையின் தடிப்பையும் அளந்தார்கள். மூச்சை இழுக்கும்போது அத்தடிப்பு 20 விழுக்காடேனும் மிகாவிடில் தசை நலிந்தது என்று கொள்வர். அவருக்கு அவ்வளவு நலிவில்லை.

திரையைப் பார்த்த அக்கா, “தம்பி, நான் சோம்பலால் உட்காரவில்லை என்று இப்பொழுதாவது நம்புகிறாயா?” என்றார். நான் தலைகுனிந்தேன்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் மருந்தோடு, உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சை விடவும், நாள்தோறும் சிறிது நடக்கவும் அவருக்குப் பயிற்சி அளித்தார்கள். இன்று தெருமுனைவரை இளைப்பாறி இளைப்பாறிச் சென்று வருகிறார்.

மாணவர்களே! உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் மூச்சு வாங்கினால், வயதின்மேல் பழி போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாடத்தைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியன், வீட்டில் அதைப் படிக்கத் தவறியதனால் சொல்லும் சொல் இது.