ஆயுள் என்னும் சொல்லும் நீதிமன்றமும்

கவிஞர் கூடிய அவையில் கொலைத் தண்டனை பற்றிய உரையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இது ஒரு சொல்லின் பொருள் பற்றியதே. அச்சொல் 'ஆயுள்'.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்பது மக்கள் வழக்கு. திரைப்படங்களும் அதையே சொல்லி வந்துள்ளன. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை என்பதே அதன் பொருள் என்று 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டு கழியுமுன் விடுவிக்கலாகாது என்று, 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவு தடுத்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 475ஆம் பிரிவு, எண்தான் மாறியது. விடுதலையைப் பரிசீலிக்கத் தொடங்கும் நாளையே மக்கள் விடுதலை நாளாகக் கொண்டுவிட்டனர்.

2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் நீதிபதிகள் ஓர் இக்கட்டை வெளிப்படையாக எழுதினர். மனைவியைக் கொன்று வீட்டு வளாகத்திலேயே புதைத்தவர் அவர். தூக்கு மிகையாகத் தோன்றியது. 14 ஆண்டோ மிகக் குறைவு. இவ்விரண்டே வழியென்றால் நீதிமன்றம் தூக்கின் பக்கம் தள்ளப்படும். ஆகவே, குறைப்புக்கு இடமில்லாத நெடுஞ்சிறை என்னும் நடுவழி பிறந்தது.

தமிழக அரசு 2014இல் ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளை விடுவிக்க முடிவு செய்ததிலிருந்து எழுந்த வழக்கில், 2015இல் அரசியல் சாசன அமர்வு அவ்வழியை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் ஏற்றது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் மட்டுமே இவ்வாறு விதிக்கலாம். குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் மன்னிப்பு அதிகாரம் இதனால் குறையாது. தண்டனைக் குறைப்பு அரசின் அதிகாரம், நீதிமன்றம் அதை அடைக்கலாகாது என்ற சிறுபான்மைத் தீர்ப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

சரி, 20 ஆண்டா, 25ஆ, 30ஆ? இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கும் எண்களை அட்டவணையாகவே தந்தது. நீதிபதி அங்கிருந்து கூட்டுவார், குறைப்பார். இந்தியாவில் அட்டவணை இல்லை. குற்றவாளியின் வயது, வறுமை, முன்குற்றம், கொலை செய்த விதம் ஆகியவற்றை நீதிபதி தம் மனத்திலேயே நிறுக்கிறார். கொலையின் கொடுமை பக்கம் பக்கமாக விரியும் தீர்ப்புகள் பலவற்றில் ஆண்டுக் கணக்கு ஒரே வரியில் வந்துவிடுகிறது. ஐந்தாண்டு வேறுபாடென்பது ஒருவர் தம் தாயை உயிரோடு காண்பதா இல்லையா என்பதாகவும் இருக்கலாம்.

2022இல் மனோஜ் வழக்கில், மரண தண்டனை கோரப்படும் இடங்களில் குற்றவாளியின் உளநிலை, சிறை நடத்தை, வளர்ந்த சூழல் பற்றிய அறிக்கைகளை விசாரணைக் கட்டத்திலேயே பெறவேண்டும் என்று உச்சநீதிமன்றம் பணித்தது. அவ்வழக்கில் தூக்கு நீங்கி, குறைந்தது 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உயிரைக் காக்கக் கேட்கும் அவ்வறிக்கைகளை ஆண்டுகளை எண்ணும்போதும் கேட்பதே முறை.