கௌதாரி வறுவலும் நம்ம பொங்கல் விருந்தும்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பொங்கல் விருந்துக்கு என்ன செய்யலாம்னு வாட்ஸ்அப் குழுவுல கேட்டதுக்கு, நாலஞ்சு பேர் கௌதாரி வறுவல்னு போட்டிருந்தீங்க. ஒரு ரோட்டோர மெஸ்ஸுல முன்கூட்டியே சொன்னா செஞ்சு தருவாங்களாம். முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதப் பத்திப் பேசிரலாம்னு வந்தேனுங்க.

"சீசன்ல புடிச்சா தப்பில்லீங்களே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இங்கிலாந்துல அப்படித்தான். அங்க கௌதாரி இனப் பறவைகளைச் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரைக்கும் சுடலாம். மத்த மாசங்கள்ல முட்டை வெச்சுக் குஞ்சு பொரிக்க விட்டுடணும். நம்ம நாட்டுலயும் 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப, லைசென்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்துது. 1991 திருத்தத்துல அதையும் எடுத்துட்டாங்க. அதனால இங்க சீசன்னு ஒண்ணே கெடையாதுங்க. பன்னெண்டு மாசமும் தடைதான்.

புடிக்கறவங்களுக்கு மட்டும்தான் சட்டம்னு நெனைக்காதீங்க. 44வது பிரிவு, காட்டு உயிர்களோட கறிய உணவகத்துல சமைக்கறதையும் பரிமாறறதையும் தனியாவே சொல்லுது. காசு வாங்கிட்டுச் சாப்பாடு போடற எந்த இடமும் அதுல அடக்கம், ரோட்டோர மெஸ்ஸும் சேர்த்தி. வாங்கறவங்களையும் சட்டம் விடறதில்லை. 2022 திருத்தத்துக்கு அப்புறம் 3 வருசம் வரைக்கும் ஜெயில், 1 லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம். பறவை எந்தப் பட்டியல்ல இருக்குங்கறதப் பொறுத்து இன்னும் கூடும். சங்கத்துப் பேர்ல ஆர்டர் போட்டா நோட்டீஸ் யார் பேருக்கு வரும்னு பொருளாளர் யோசிச்சுப் பார்க்கட்டும்!

சட்டத்த விடுங்க. கௌதாரி தரையில, புதர் அடியில குழி மாதிரி பண்ணி முட்டை வெக்கற பறவை. நாய், கீரி, பாம்புன்னு அதுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட தொந்தரவு. கரையான், புழு, களை விதையெல்லாம் தின்னு காட்டுக்காரங்களுக்கு ஒத்தாசை பண்ணுது. அதப் புடிக்கற விதம் இன்னும் சங்கடம். பழக்கின கௌதாரியக் கூண்டுல வெச்சுக் கூவ விடுவாங்க. நம்ம எல்லைக்குள்ள எவன்டா வந்தான்னு சண்டைக்கு வர்ற பறவை, சுத்தி வெச்ச கண்ணியில மாட்டிக்கும். அப்படி வர்றது குஞ்சோட இருக்கற ஜோடியில ஒண்ணா இருந்தா அந்தக் குஞ்சுக கதியும் அவ்வளவுதான்.

குளத்துப் பறவைகளுக்கும் இதே சட்டம்தான். பக்கத்துத் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022ல பறவைகள் சரணாலயமாச்சு, 2024ல ராம்சர் தளமாவும் அறிவிச்சாங்க. குளிர்காலத்துல வெளிநாட்டு வாத்தெல்லாம் வந்து எறங்கற சமயத்துலதான் நம்ம பொங்கலும் வருது. "காட்டு வாத்து இருக்குதுங்க"ன்னு யாராச்சும் கேட்டுக்கு வந்தா, செக்யூரிட்டி உள்ளே விட வேண்டாம்.

"அப்ப காடையும் கூடாதுங்களா?"ன்னு அக்கா ஒருத்தர் கேட்டாங்க. தாராளமாச் சாப்பிடலாமுங்க. கறிக்கடையில விக்கறது பண்ணையில வளர்ற ஜப்பான் காடை. பொரிச்ச அஞ்சு வாரத்துல கறிக்கு ரெடி. நம்ம வயக்காட்டுல திரியற காடைதான் கூடாது. வறுத்து மசாலா பூசிட்டா எதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால பண்ணை பில்லக் கேட்டு வாங்கறதுதான் ஒரே வழி. வான்கோழி, கின்னிக்கோழியும் பண்ணையில கெடைக்குது.

ஆக, மெனுவுல கௌதாரிய எடுத்துட்டுப் பண்ணைக் காடைன்னு மாத்தச் சொல்லித் தீர்மானம் வெக்கறேனுங்க. அந்த மெஸ்ஸுக்கு ஃபோன் பண்றவர், எதனால வேண்டாங்கறோம்னும் சொல்லிருங்க. ஆர்டர் வரலைன்னா அவங்களும் புடிக்கச் சொல்ல மாட்டாங்க. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க, அப்புறம் தண்ணி லாரிக் கணக்குக்குப் போயிரலாம்.